கம்பியூட்டர் கிராணியின் ஏழு வரிகள்

அவர் எதையும் எழுத மாட்டார். சட்டைப் பையில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என்று எப்போதும் இரண்டு பேனா இருக்கும். அவை காகிதத்தில் பட்டு நான் பார்த்தது கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான். இந்த ஒரு குணத்துக்காக அவரை நான் இத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். வாய்விட்டுத் திட்ட எனக்கு வராது. பாத்திரம் தேய்க்கும்போதும், துணி அலசும்போதும், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும்போதும் மனசுக்குள் திட்டுவேன். இன்றைக்குக் காகிதத்தில் திட்டுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எங்கள் செம்பனைத் தோட்டம் மலேசியாவில் கோலசிலாங்கூருக்கு வடக்கே இருந்தது. எண்பதுகளின் நடுவில் அந்த ஆபிசுக்குக் கம்பியூட்டர் வந்தது. நான் அங்கே கூட்டித் துடைத்து, தேத்தண்ணீர் கலக்குகிற வேலையில் இருந்தேன். மேனேஜர் அறைக்கே காற்றாடிதான். இந்தப் பெட்டிக்கு மட்டும் ஏர்கோன் போட்டார்கள். பெட்டி என்றால் சின்னப் பெட்டி இல்லை, அரிசி மூட்டையை நிமிர்த்தி வைத்த உயரம். அதிலிருந்து வயர் இழுத்து மூன்று இடத்தில் திரை வைத்தார்கள். ஒன்று முன் ஆபிசில், ஒன்று லோரி நிறுக்கும் தராசுக் கொட்டகையில், ஒன்று மருந்தகத்தில். இதையெல்லாம் கவனிக்க வந்தவர் அவர். கணக்கு எழுதுகிற பழைய கிராணி ஒருவர் ஏற்கெனவே இருந்ததால், அவரைப் பெரிய கிராணி என்றும் இவரைக் கம்பியூட்டர் கிராணி என்றும் ஜனங்கள் பிரித்துச் சொன்னார்கள். என்னைவிட எட்டு வயது சின்னவர். ஆனாலும் நான் ஐயா என்பேன். அவர் என்னை அக்கா என்பார்.

ஆபிசுக்கு மின்சாரம் எண்ணெய் ஆலை என்ஜினிலிருந்து வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அதை நிறுத்திவிடுவார்கள். மெஷினும் படுத்துவிடும். மறுநாள் காலையில் அவர் வந்துதான் எழுப்ப வேண்டும். சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும், மெஷின் உறுமும், ஆனால் ஒரு வேலையும் செய்யாது.

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நான் சொல்லணும்," என்பார். "நம்ம பேருங்களை வாசிக்கிற புரோகிராம் ஒரு பாஷையில இருக்கு. மெஷினுக்கு வேற பாஷை. நடுவுல ஒருத்தன் நின்னு மாத்திச் சொல்லணும். அவன் பேரு ரன்டைம். அவன் எங்க இருக்கான், அவன் பொஸ்தகம் எங்க இருக்கு, நம்ம பேருங்க எந்த அலமாரில இருக்கு, பேப்பர் அடிக்கிற மெஷின் எந்த வயர்ல இருக்கு, எல்லாத்தையும் காலையில காலையில சொல்லணும். கரண்டு போனா மறந்துரும்."

எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஏழு வரி. ஒரு வரி முடிந்ததும் அந்தப் பெரிய பொத்தானை டொக்கென்று அடிப்பார். நான் வெளியே தரையைத் துடைத்தபடி எண்ணியிருக்கிறேன். ஏழு டொக். அடிக்கும்போது இடது கையில் தடித்த ரெஜிஸ்டர் ஒன்றை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் சுவர் மாதிரி பிடித்துக்கொள்வார். வலது கையில் ஒற்றை விரலால் அடிப்பார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்தால், பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுதிவிடும் என்று மறைக்கிற பிள்ளைகள் ஞாபகம் வரும். யார் பார்த்து எழுதப்போகிறார்கள்? நானா?

காலையில் ஜனங்கள் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்று, பேர் கொடுத்து வேலைக்குப் போய்விடுவார்கள். இவர் மோட்டார் சைக்கிளில் ஏழே முக்காலுக்கு வருவார். அதற்குள் பழம் ஏற்றிய லோரிகள் தராசுக் கொட்டகைக்கு முன்னால் வரிசையாக நிற்கும். மருந்தகத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார் நிற்பார்கள். லோரிச் சீட்டோ ஆஸ்பத்திரிச் சீட்டோ, இனிமேல் கையால் எழுதக் கூடாது, மெஷினில்தான் அடிக்க வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு.

"என்னாலா, சாமி இன்னும் எந்திரிக்கலையா?" என்று ஒரு லோரி டிரைவர் தினமும் கத்துவார்.

"பூசாரி பசியாறிட்டு வரணும்ல? அப்புறந்தானே சாமி எந்திரிக்கும்!" என்று இன்னொருவர் பதில் சொல்வார்.

இது அவர் காதில் விழும். கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. மோட்டாரை நிறுத்தி, தலையை வாரி, சீப்பைப் பின்பையில் செருகிக்கொண்டு மெதுவாக நடந்து வருவார். அந்த நடையை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது. காய்ச்சலில் முனகுகிற பிள்ளைகள் அங்கே இருந்தன.

எழுதாத குணம் மெஷினோடு நிற்கவில்லை. வேலையாட்களை மேய்க்கிற மண்டோருக்குச் சேதி சொல்ல வேண்டுமானால் ஒரு துண்டுக் காகிதம் போதும். அவர் இரண்டு பர்லாங் நடந்து போய் வாயால் சொல்லிவிட்டு வருவார். லீவு வேண்டுமானாலும் மேனேஜர் கதவில் நின்று கேட்பார். கோயில் திருவிழாவுக்கு உபயக்காரர் பட்டியல் எழுதச் சொன்னபோது, "நான் சொல்றேன், வேற யாராச்சும் எழுதுங்க," என்று உட்கார்ந்து அறுபது பேரை வரிசை மாறாமல் சொன்னார். ஒரு பேர் விடுபடவில்லை. அவ்வளவு ஞாபக சக்தி. பெரிய கிராணி என்னிடம், "இவன் பொண்டாட்டிய பொண்ணு பாக்கப் போனப்பகூடக் கடிதாசி போட்டிருக்க மாட்டான்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணீர்த் தட்டோடு பின்பக்கம் ஓடிவிட்டேன்.

ஒரு நாள் அவருக்கே தவறியது. காய்ச்சலோடு வந்து ஏழு வரியை அடித்தார். அன்று, தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகிற ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிற நாள். மருந்தகத்துத் திரையில் வந்த பட்டியலைப் பார்த்து, மருந்து கொடுக்கிற டிரஸ்சர் வாசலில் நின்று கூப்பிட்டார். "மாடசாமி ஒண்ணு!" யாரும் வரவில்லை. "மாடசாமி ரெண்டு!" ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "மாடசாமி மூணு!" என்று அவர் கத்தியதும் பின்னாலிருந்த ஒரு கிழவி, "எத்தனை மாடசாமிய பெத்தாளோ புண்ணியவதி!" என்றாள். கொட்டகையே சிரித்தது. பதினொன்றாம் மாடசாமி வரை கூப்பிட்டுவிட்டுத்தான் டிரஸ்சர் நிறுத்தினார். மெஷின் வந்த புதிதில் பழகிப் பார்க்க அவர் அடித்து வைத்த பொய்ப் பேர்களாம். நிஜப் பேர்கள் இருக்கிற அலமாரிக்குப் பதிலாகப் பழகுகிற அலமாரியைக் காட்டிவிட்டார்.

டிரஸ்சர் சண்டைக்கு வந்தார். இவர் அசையவில்லை. "மெஷின் சரியாத்தான் செஞ்சிச்சு. நான் காட்டுன இடத்துல போய் பாத்துச்சு," என்றார். தப்பு செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர்தான் எனக்கு ஒரு நல்லதும் செய்தார். அதைச் சொல்லாமல் திட்டினால் பாவம்.

நான் ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவள். அந்தக் கலவரத்தில் எனக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. அதனால் எனக்கு அடையாள அட்டை சிவப்பு ஐசிதான். இதே மண்ணில் பிறந்தும் பிரஜை இல்லை. என் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் நீல ஐசி. வீட்டில் நான் ஒருத்திதான் சிவப்பு. பிரஜா உரிமைக்கு எழுதிப் போட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தேன். ஆதாரம் இல்லை.

மெஷின் வந்த இரண்டாம் வருடம் அவர் தோட்டத்துப் பழைய புத்தகங்களையெல்லாம் எடுத்து, ஒவ்வொரு பேராக மெஷினில் ஏற்றினார். எட்டு மாதம் ஆனது. தொட்டால் உதிர்கிற தாள், செல்லரித்த ஓரம். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் கைக்குட்டையை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, நீ பொறந்த நாள் உனக்குத் தெரியுமா?"

"தெரியாது ஐயா. தை மாசம்னு அம்மா சொல்லும்."

"பெப்ரவரி பதினொண்ணு. தோட்டத்து ஆஸ்பத்திரி பிரசவப் பொஸ்தகத்துல இருக்கு. ஒங்கப்பா பேரு, ஒங்கம்மா பேரு, ஆறாவது லயம், பொம்பளப் புள்ள. நீதான்."

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன். நாற்பத்துச் சொச்ச வயதில் எனக்கு ஒரு பிறந்த நாள் கிடைத்தது. "அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க ஐயா," என்றேன்.

"எதுக்கு? மெஷின்ல ஏத்திட்டேன். வேணுங்கிறப்ப அடிச்சுக்கலாம். தாள்னா தொலஞ்சுரும்."

அடுத்த மாதம், எல்லாம் மெஷினில் ஏறிவிட்டது, பழைய குப்பை எதற்கு என்று மேனேஜர் சொல்லி, அந்தப் புத்தகங்களை இரண்டு தள்ளுவண்டியில் ஆலைக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டார்கள். வாசலில் நின்று பார்த்தேன். என் பேர் இருக்கிற புத்தகம் எது என்றுகூட எனக்குத் தெரியாது. அவரும் பக்கத்தில்தான் நின்றார். "கவலப்படாதக்கா, எல்லாம் பத்திரமா உள்ள இருக்கு," என்றார். பல்லை இளித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அதை நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஏன் எழுத மாட்டார் என்பதை ஒரே ஒரு தடவை சொன்னார். மழை பெய்து எல்லாரும் ஆபிசில் மாட்டிக்கொண்ட ஒரு மத்தியானம். நான் தேத்தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினேன். "நீ யார்கிட்டயும் பேச மாட்ட. அதனால சொல்றேன்," என்று ஆரம்பித்தார். இதற்கு முன் கலும்பாங் பக்கம் ஒரு ஆபிசில் இதே வேலை பார்த்தாராம். உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள் என்று அங்கே கேட்டார்களாம். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் ஒன்றுவிடாமல் எழுதினாராம், சிவப்பு மையில் கோடு போட்டு. அடுத்த மாதம் அந்த நோட்டை ஆபிஸ் மேலாளரின் மச்சானிடம் கொடுத்துவிட்டு இவரை வீட்டுக்கு அனுப்பினார்களாம். "என் கையெழுத்தாலயே என்ன தொரத்துனாங்கக்கா. இனிமே என் மண்டையில இருக்கறது மண்டையிலதான் இருக்கும்."

எனக்குப் பாவமாக இருந்தது. இப்போதும் அந்தக் கலும்பாங் ஆட்கள் மேல் கோபம்தான். ஆனால் அவர்கள் செய்ததற்கு என்னை ஏன் பிடித்து வைத்தார்?

பிரஜா உரிமை நேர்முகத்துக்கு எனக்குக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி, பிறந்ததற்கு ஆதாரத்தோடு வரச் சொல்லியிருந்தது. மூன்று வாரம் இருந்தது. மேனேஜரிடம் கேட்டேன். "மெஷின்ல இருக்கறதை அடிச்சுக் கொண்டாங்கம்மா, சீல் போட்டுத் தரேன்," என்றார். அவரிடம் போய்ச் சொன்னேன். "பேப்பர் வரட்டும்க்கா," என்றார். அடுத்த வாரம் பேப்பர் வந்தது. ஓரத்தில் துளை போட்ட தாள், பெட்டி பெட்டியாக. மறுபடி சொன்னேன். "சனிக்கெழம காலையில மொத வேலையா அடிச்சுத் தரேன்." மூன்றாம் தடவை கேட்க எனக்குக் கூச்சம். ஒரு ஆளை எத்தனை தடவைதான் தொந்தரவு செய்வது என்று நினைத்தேன். அந்தக் கூச்சம் நாசமாய்ப் போக.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறைக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு உமக்கு ஒண்ணு ஆயிட்டா மெஷினை யாரு எழுப்புறது? என்னென்ன அடிக்கணும்னு எழுதி ஃபைல்ல வையும்," என்றார் மேனேஜர்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது சார்."

"நான் கேக்கல, சொல்றேன். திங்கக்கெழம என் மேசைமேல இருக்கணும்."

வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "கேட்டியாக்கா? மறுபடியும் நோட்டு," என்றார். மோட்டாரை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை அவர் வரவில்லை.

பெரிய கிராணி சுவிட்சைத் தட்டினார். மெஷின் உறுமியது. திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்று மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டது. "எங்க இருக்குன்னு கேக்குது. எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் தலையில் கை வைத்தார். லோரிகள் சாலை வரைக்கும் நின்றன. ஒன்பது மணிக்கு மேனேஜர் வெளியே வந்து பார்த்தார். பழம் கெட்டுப்போகும். "சரி, இன்னைக்குக் கையால எழுதி விடுங்க," என்றார். அவ்வளவுதான். இரண்டு வருடமாக முடியாது என்ற கைச்சீட்டு அரை நிமிடத்தில் முடிந்தது. லோரிகள் போய்விட்டன.

என் கடிதத்தையும் கையால் எழுதித் தரும்படி பெரிய கிராணியை விட்டு மேனேஜரிடம் கேட்டேன். "ஆதாரம் பாக்காம எப்படி சீல் போடறது?" என்று பதில் வந்தது. பழத்துக்கு ஆதாரம் வேண்டாம். எனக்கு வேண்டும்.

அரை நாள் வேலை முடிந்ததும் பஸ் ஏறினேன். அவர் வீடு பாசிர் பெனம்பாங்கில், ஆற்றுப் பாலம் தாண்டி, மீன் கிட்டங்கி ஒன்றுக்குப் பின்னால் இருந்தது. தனியாக யார் வீட்டுக்கும் நான் போனதில்லை. இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் தடவை அவர் மனைவி பார்த்துவிட்டார். கீழே உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தவர், "உள்ள வாங்க," என்று எழுந்தார். உள்ளே அவர் கைலியோடு நாற்காலியில் இருந்தார்.

"ஐயா, என் கடுதாசி..."

"தெரியும்க்கா. உக்காரு."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. மறுநா காலையில ஒம்பது மணிக்கு நான் அங்க நிக்கணும்."

"தெரியுங்கிறேன்ல."

"நீங்க வந்து எழுப்பி, அதை அடிச்சுக் குடுத்துட்டு உடனே வந்துருங்க. பெரிய கிராணி தொறந்து வச்சுக்கிட்டு காத்திருக்காரு. யார்கிட்டயும் ஒண்ணும் பேச வேணாம்."

"இன்னைக்கு நான் போனா பயந்து வந்துட்டான்னு நெனப்பாங்க. ரெண்டு நாள் லோரி நிக்கட்டும். அப்பத்தான் நான் யாருன்னு தெரியும்."

"லோரி நிக்கல ஐயா. கையால எழுதி வுட்டுட்டாங்க."

அவர் முகம் மாறியது. நாற்காலியின் கையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"போயிட்டு வந்துருங்களேன், பாவம்," என்றார் மனைவி.

"நீ சும்மா இரு." என்னிடம் திரும்பி, "தேதி மாத்திக் கேளுக்கா. குடுப்பாங்க," என்றார்.

நான் பொதுவாக அந்த இடத்தில் எழுந்து வந்திருப்பேன். அன்று எழவில்லை. "அப்போ அந்த ஏழு வரியை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. பெரிய கிராணிகிட்ட நானே குடுக்கறேன். அடிச்சதும் உங்க முன்னாலயே கிழிச்சுப் போடறேன்."

ஏழு என்று நான் சொன்னதும் திடுக்கிட்டுப் பார்த்தார். நான் எண்ணியிருப்பேன் என்று அவர் நினைக்கவே இல்லை போலும்.

"எழுதிக் குடுத்துட்டு நான் என்னா பண்றது? கிட்டங்கில மீன் அறுக்கவா?"

நான் எழுந்தேன். அவர் மனைவி வாசல் வரை வந்து, கையில் இறால் வாடையோடு என் தோளைத் தொட்டு, "மனசுல வச்சுக்காதீங்க," என்றார்.

வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நேர்முகத்தில் ஒரு மலாய்க்கார அம்மா என் ஃபைலைப் புரட்டினார். நல்ல மாதிரிதான். ஆதாரக் கடிதம் எங்கே என்று கேட்டார். "அடா டாலம் மெசின், புவான்," என்றேன். மெஷினுக்குள் இருக்கிறது அம்மா என்று. "மெசின் அபா?" என்றார். என்ன மெஷின்? அதற்குச் சொல்ல எனக்கு மலாயும் இல்லை, தமிழும் இல்லை. நான்கு வருடம் காத்திருந்த ஃபைலை அவர் மூடி வேறொரு அடுக்கில் வைத்தார். ஆதாரம் கிடைத்ததும் புதிதாக எழுதிப் போடச் சொன்னார்.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. புதன்கிழமை கோலாலம்பூரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணை வரவழைத்தார். முப்பது வயது இருக்கும், சிலுவார் கால்சட்டை போட்டு, தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தே வைத்து வேலை செய்தார். புத்தகத்தைப் பார்ப்பார், அடிப்பார், தலையை ஆட்டுவார், வேறு மாதிரி அடிப்பார். மூன்று மணி நேரம் அப்படிப் போயிற்று. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் மெஷின் பேசியது. நான் தேத்தண்ணீர் வைத்தேன்.

"ஏழு வரிதாம்மா அவரு அடிப்பாரு," என்றேன்.

"ஆமாக்கா, ஏழுதான். எப்படித் தெரியும்?" என்று சிரித்தார். "பெரிய விஷயமே இல்ல. ஒரு பேரு, ஒரு சமக்குறி, அது எங்க இருக்குன்னு ஒரு இடம். அதே மாதிரி ஏழு. இருங்க, இதை எழுதி வச்சுடறேன்."

"எங்கம்மா?"

"மெஷின் எந்திரிச்சதும் தானா வாசிக்கிற ஃபைல் ஒண்ணு இருக்கு. அதுல போட்டுட்டா தெனமும் யாரும் சொல்ல வேணாம். சுவிட்சைத் தட்டினா போதும்."

கொஞ்சம் அடித்தார். மெஷினை நிறுத்தினார், மறுபடி போட்டார். ஏழு டொக் இல்லை. ஒன்றுமே இல்லை. எல்லாம் தானாக வந்தது.

"அவ்ளோதான்க்கா. தேத்தண்ணி இன்னும் ஆறல பாருங்க."

"இது அவருக்குத் தெரியாதாம்மா?"

அந்தப் பெண் திரையைக் காட்டினார். "ஃபைல் இருந்துச்சுக்கா. அதுக்குள்ள எழுதியும் இருந்திருக்கணும், மெஷின் விக்கிறவங்க எழுதித்தான் குடுப்பாங்க. யாரோ தொடச்சு காலியா வச்சிருக்காங்க."

ஏழே முக்கால் மணி நடை, தோளில் பிள்ளையோடு நின்ற தாய்மார், சாமி எந்திரிக்கலையா என்ற கத்தல், எல்லாம் கண்ணில் வந்தது. ஒவ்வொரு நாளும் அவர் எதை மறைத்தாரோ அது முன்பே உள்ளே எழுதியிருந்தது. அழித்திருக்கிறார். எழுத மாட்டார் என்று மட்டும் நினைத்திருந்தேன். அழிக்கவும் செய்வார் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பெண்ணே என் பேரைத் தேடி அடித்துக் கொடுத்தார். அப்பா பேர், அம்மா பேர், ஆறாவது லயம், பெப்ரவரி பதினொன்று. மேனேஜர் சீல் போட்டார். இரண்டு நாள் பிந்தி.

மறுநாள் வியாழக்கிழமை அவராகவே வந்தார். அதே ஏழே முக்கால் மணி. லோரிகள் எல்லாம் போயிருந்தன. முன் ஆபிசில் பெரிய கிராணி சீட்டு அடித்துக்கொண்டிருந்தார். இவர் அறைக்குள் போய், ஓடிக்கொண்டிருந்த மெஷினைப் பார்த்தபடி நின்றார். உட்காரவில்லை. பிறகு வெளியே வந்து, என் கையிலிருந்த உறையைப் பார்த்துக் கை நீட்டினார். கொடுத்தேன். கடிதத்தைப் பிரித்து மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"சரியா இருக்கு. நான் ஏத்துனது அப்படியே இருக்கு," என்றார்.

அவர் கண் கடிதத்தை விட்டு என் முகத்துக்கு வரவே இல்லை.

"திங்கக்கெழம முடிஞ்சுபோச்சு ஐயா. ஃபைல மூடிட்டாங்க."

"மறுபடி எழுதிப் போடுக்கா. என்னா இப்ப?"

"எழுதாம இருந்தது நானில்ல," என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. பெரிய கிராணி அடிப்பதை நிறுத்திவிட்டார். மேனேஜர் அறைக் கதவு திறந்தது. "எழுதியிருந்ததையும் அழிச்சிருக்கீங்க. அந்தப் பொண்ணு காட்டுச்சு."

அவர் கடிதத்தை மடித்து உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். மேனேஜர் அவரை உள்ளே கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் வெளியே வந்து மேசை இழுப்பறையைக் காலி செய்தார். அவர் பயந்தது நடந்துவிட்டது. ஏழு வரியும் வெளியே வந்த மறுநாளே அவர் தேவைப்படவில்லை. அந்த மேனேஜரையும் நான் மன்னிக்கவில்லை. மோட்டார் சத்தம் தோட்டத்து வாசலைத் தாண்டிப் போனது. அதன் பிறகு அவரை நான் பார்த்ததில்லை.

புதிதாக எழுதிப் போட்டேன். பல வருடம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். துளை போட்ட அந்தத் தாளைக் கொடுத்தேன். இது மெஷினில் அடித்தது, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், மூலப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். புத்தகம் ஆலை அடுப்பில் போனதைச் சொன்னேன். அப்போது தோட்டமும் கை மாறி, மேனேஜரும் மாறிவிட்டார். மெஷினை எங்கே தூக்கிப் போட்டார்களோ. அன்றைக்கே அந்தத் தாள் கையில் இருந்திருந்தால் அந்த நல்ல மலாய்க்கார அம்மா ஏற்றுக்கொண்டிருப்பாரா? ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள், விடும்மா என்கிறாள் மகள். ஏற்றுக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிற நாளில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

இப்போது புக்கிட் செந்தோசாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஐசி இன்னும் சிவப்புதான். போன மாதம் மறுபடி கூப்பிட்டார்கள். மகள் ராவாங் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு அழைத்துப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் அதிகாரி. நான் மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். பிரசவப் புத்தகம், ஆறாவது லயம், மெஷின், அடுப்பு. இத்தனை வருடத்தில் அதற்கான மலாய் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் பாதி கேட்டார். என் முதுகுக்குப் பின்னால் வரிசையைப் பார்த்தார். என்னை மக்சே, அத்தை, என்று கூப்பிட்டு, சரி, ஞாபகம் வைத்துக்கொள்கிறேன், போகலாம் என்றார். பேனா மேசையில் கிடந்தது.

மகள் என் கையைப் பிடித்து எழுப்பினாள். நான் எழவில்லை.

"துலிஸ், என்சே," என்றேன். எழுதுங்கள் ஐயா.

"நந்தி," என்றார். அப்புறம்.

"செக்காராங். சாயா தெங்கோக்." இப்போதே எழுதுங்கள், நான் பார்க்கிறேன் என்றேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மகள், "அம்மா, வேணாம்மா," என்றாள். அந்த அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். நான் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். அவர் எழுதினார். அவர் பேனா நின்ற இடத்தில் நானும் நின்று, அது மறுபடி நகர்ந்த பிறகு அடுத்ததைச் சொன்னேன். கடைசி வரியையும் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்ட பிறகுதான் எழுந்தேன்.